ரைசன் 5600 போட்டதும் டிஸ்ப்ளே வரவில்லை: போர்டு போய்விட்டதா?

கேள்வி இது. 2018 கடைசியில் வாங்கிய பி450எம் மதர்போர்டு. அதில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3 2200ஜி பிராசசர், இரண்டு 8 ஜிபி ரேம், 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போன வாரம் செகண்ட் ஹேண்டில் ரைசன் 5 5600 வாங்கி மாற்றியிருக்கிறார். ஆன் செய்தால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும் வருகிறது. கூலரைக் கழற்றும்போது பழைய பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதாம். பக்கத்துக் கடையில் காட்டியதற்கு, "போர்டு போயிடுச்சு, வேற போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். வேறு போர்டு வாங்குவதா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததுமே இரண்டு காரணங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, ஆன் செய்ததும் கம்ப்யூட்டரை எழுப்புகிற பயாஸ் என்ற நிரல் உங்கள் போர்டில் ஒரு சிப்பில் இருக்கிறது; அதற்கு 5600 என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு, 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. உங்கள் மானிட்டர் கேபிளோ போர்டின் பின்பக்க எச்டிஎம்ஐ-யில் இருக்கிறது. இதில் எது ஒன்று இருந்தாலும் திரை இருட்டுதான். உங்களுக்கு இரண்டுமே இருக்கின்றன. இதுதான் ஆளைக் குழப்புகிறது. யாரிடமாவது கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சொருகிப் பார்த்தால் பயாஸ் பழையது என்பதால் டிஸ்ப்ளே வராது. புதிய பயாஸை மட்டும் ஏற்றினால் கார்டு இல்லாததால் வராது. இரண்டு முறையும் "அதுவும் இல்லை" என்று தள்ளிவிட்டு, கடைசியில் பழி போர்டின்மேல் விழும். அந்தக் கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதலில் பயாஸ். பி450 சிப்செட் வந்தது 2018 ஜூலையில். 5600 விற்பனைக்கு வந்தது 2022 ஏப்ரலில். சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றேதான், ஏஎம்4. அதனால் சிக்கில்லாமல் உட்காரும், லீவரும் மூடும். ஆனால் 2018-இல் எழுதப்பட்ட பயாஸில் 2022-இல் பிறக்கப்போகும் பிராசசரின் ஜாதகம் இருக்க வழியில்லை. இடையில் ஒரு கூத்தும் நடந்தது. 2020 மே மாதம் ஏஎம்டி, பின்னால் 5000 வரிசை என்று வந்த பிராசசர்கள் பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தது. பல போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பி மட்டுமே, எல்லாத் தலைமுறைக்கும் அதில் இடம் போதாது என்பது அவர்கள் சொன்ன காரணம். போர்டு வாங்கியவர்கள் கொதித்துப்போனதும் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். பி450-க்கு அந்த பயாஸ்கள் 2021 தொடக்கத்திலிருந்து வந்தன. அதற்குமுன் வாங்கி, அதன்பின் யாரும் பயாஸைத் தொடாத போர்டு என்றால் 5600 ஓடாது.

"தெரியாத பிராசசர் என்றால் ஒரு எரர் மெசேஜாவது காட்டக் கூடாதா?" என்று கேட்பீர்கள். காட்டாது, காட்டவும் முடியாது. ரைசனில் ஆன் செய்ததும் முதலில் விழிப்பது நமக்குத் தெரிந்த ஆறு கோர்களும் அல்ல. உள்ளே பாதுகாப்புக்கென்று ஒரு சின்ன ஏஆர்எம் கோர் இருக்கிறது. அதுதான் முதலில் எழுந்து, பயாஸ் சிப்பில் தனக்கான நிரலைத் தேடி எடுத்து, ரேமைத் தயார்செய்து, அப்புறம்தான் மற்ற கோர்களை எழுப்புகிறது. தனக்கான நிரல் அங்கே இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். திரையில் எழுத்து காட்டுகிற கட்டம் வரவே வராது. ஃபேன்கள் சுற்றுவதற்கு மூளை தேவையில்லை. 12 வோல்ட் போனால் சுற்றும். ஆகவே ஃபேன் சுற்றுகிறது என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

சரி, அடுத்தது கிராபிக்ஸ். ஏஎம்4-இல் பெயர் கடைசியில் 'ஜி' இருந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. 2200ஜி, 3200ஜி, 5600ஜி எல்லாம் அப்படி. வெறும் 5600, 5600எக்ஸ், 5500, 5700எக்ஸ் இவற்றில் கிடையாது. இன்டெலில் வழக்கம் தலைகீழ்: அங்கே 'எஃப்' என்ற எழுத்து சேர்ந்தால்தான் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் எழுத்து சேர்ந்தால் வரவு, மறுபக்கம் எழுத்து சேர்ந்தால் செலவு. எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள். உங்கள் போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ வெறும் வாசல்தான். படம் பிராசசரிலிருந்து வர வேண்டும். 5600-ஐ வைத்துக்கொண்டால் தனி கார்டு கட்டாயம் வேண்டும். கேம் எதுவும் ஆடுவதில்லை, டிஸ்ப்ளே வந்தால் போதும் என்றால் பழைய ஜிடி 710 மாதிரி ஒன்று போதும். விற்றவர் மாற்றித் தருவார் என்றால் 5600ஜி கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு அதுதான் பொருத்தம். 5600ஜி-க்கும் புதிய பயாஸ் வேண்டும், அது மட்டும் மாறாது.

இப்போது செய்ய வேண்டியது: பழைய 2200ஜி-யைத் திரும்பப் போடுங்கள். இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வருகிறது. "புதுசு வாங்கிட்டு பழசையா போடச் சொல்றீங்க?" ஆனால் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட அதிகம் சொல்வது இந்த அரை மணி நேர வேலைதான். பழையது ஓடினால் போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர், கேபிள் எல்லாம் ஒரே அடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும். பயாஸை ஏற்றவும் உங்களுக்கு ஓடுகிற பிராசசர் வேண்டும்.

போடும்முன் பின்களைப் பாருங்கள். கூலரோடு பிராசசர் பிய்ந்து வந்ததாகச் சொன்னீர்களே, என் கவலை எல்லாம் அதில்தான். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. லீவர் மூடியிருக்கும்போதே இழுபட்டு வந்ததால் ஒன்றிரண்டு வளைந்திருக்கலாம். பிராசசரின் ஓரங்களைப் பிடித்து மல்லாக்கத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வரிசையின் நீளவாக்கில் பாருங்கள். நாற்று நட்ட வயலை வரப்பில் நின்று பார்ப்பது போல. எல்லாம் நேர்கோட்டில் தெரிந்தால், வளைந்த ஒன்று வரிசைக்கு வெளியே தலைநீட்டும். நான்கு பக்கத்திலிருந்தும் பாருங்கள்; ஒரு பக்கம் பார்த்தால் தெரியாதது மறுபக்கம் தெரியும். போன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் இன்னும் நல்லது. 5600-ஐயும் அதேபோல் பாருங்கள், செகண்ட் ஹேண்ட் அல்லவா.

வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் உலோக முனையைப் பின்மேல் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். ஒரு வரிசையே சாய்ந்திருந்தால் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை வரிசைகளுக்கு நடுவே விட்டு மெல்லத் தள்ளலாம். ஒரே பின்னை முன்னும் பின்னுமாக ஆட்டாதீர்கள், ஒடிந்துவிடும். ஒடிந்த பின் எது என்பதைப் பொறுத்துத்தான் பிராசசரின் விதி. வெறும் கிரவுண்ட் பின்னாக இருந்தால் ஒன்றும் தெரியாமலே ஓடும். ரேம் சேனலுக்குப் போகிற பின்னாக இருந்தால் ஒரு ரேம் காணாமல் போகும்.

உட்கார வைக்கும்போது பிராசசரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் ஒரு முக்கோணம் இருக்கும். லீவரை முழுதாகத் தூக்கி, இரண்டையும் சேர்த்து வைத்தால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அழுத்தாதீர்கள், எடுத்து மறுபடி பின்னைப் பாருங்கள். இனிமேல் கூலரைக் கழற்றும்போது, முதலில் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் இளகிய சூட்டோடு ஆஃப் செய்து, ஸ்க்ரூவைக் கழற்றியபின் கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிராசசரையும் கூட்டிக்கொண்டு வரும்.

2200ஜி உட்கார்ந்து, கூலரும் மாட்டியாயிற்று. ஆன் செய்யும்முன் போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும் 4 அல்லது 8 பின் பவர் கேபிளைப் பாருங்கள். கூலரைக் கழற்ற இடம் போதாமல் இதை உருவிவிட்டு, மாட்ட மறப்பது சகஜம். நானே ஒருமுறை இரண்டு மணி நேரம் ரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் இந்தக் கேபிள் ஃபேனுக்குப் பின்னால் தொங்குவதைக் கண்டுபிடித்தேன். இது இல்லாமலும் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் ஒயரிங் வேறு. அதை இங்கே திணிக்காதீர்கள்.

அப்புறம் சிமாஸ் கிளியர், அதாவது பயாஸில் சேமித்திருக்கும் அமைப்புகளை அழிப்பது. பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அந்த பேட்டரி சிஆர்2032. 2018-லிருந்து மாற்றவில்லை என்றால் புதிதே போட்டுவிடுங்கள், பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ரேம் ஒன்றை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். உங்கள் போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால் மேனுவலில் எது முதலில் என்று போட்டிருக்கும்.

இப்போது ஆன் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூறு வந்துவிடும் என்பது என் எண்ணம். முதல்முறை ஒரு நிமிடம் இருட்டாக இருந்து, தானாகவே இரண்டு மூன்று முறை ஆஃப் ஆகி ஆன் ஆகும். ரேமைப் பழகிக்கொள்கிறது, பொறுமையாக இருங்கள். வராவிட்டால் போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று எழுதிய குட்டி விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். எதில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் கோளாறு. உங்கள் போர்டில் விளக்கு இல்லையென்றால் கோளாறைப் பீப் ஒலியால் சொல்லும் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி மாட்டுங்கள், விலை அற்பம்.

வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நேராக விண்டோஸுக்குள் போய், விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று கொடுங்கள். பயாஸ் பதிப்பும் தேதியும் போர்டின் முழுப் பெயரும் தெரியும். தேதி 2018, 2019 என்றிருந்தால் நோய் உறுதி. போர்டின்மேல் அச்சடித்திருக்கும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் 1.0, 2.0 என்று வரும் போர்டுகளுக்கு பயாஸ் வேறுவேறு. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த போர்டின் பக்கத்தில் எந்தெந்த சிபியு ஓடும் என்ற பட்டியல் இருக்கும். அதில் 5600-க்கு நேரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று ஒரு எண் போட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த எண் அல்லது அதற்கு மேற்பட்டது. பீட்டா என்று போட்டிருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பயாஸ் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதையும் படியுங்கள். சில போர்டுகளில் ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து கடைசிப் பதிப்புக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது; நடுவில் ஒரு படி இருக்கும்.

ஏற்றும்முன் ஒரு வேலை. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதை அந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைப்பது, பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைப்பது போல. 2200ஜி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லாததால் நீங்கள் விண்டோஸ் 10-இல் இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 2025 அக்டோபரில் அதற்கு ஆதரவு முடிந்ததால்தானே பலரும் இப்போது பிராசசர் மாற்றக் கிளம்பியிருக்கிறார்கள். அப்படியானால் என்க்ரிப்ஷன் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

பயாஸ் ஃபைலை எஃப்ஏடி32-ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுங்கள். எம்எஸ்ஐ அதை எம்-ஃபிளாஷ் என்கிறது, கிகாபைட் கியூ-ஃபிளாஷ், ஆசஸ் ஈஸி ஃபிளாஷ், ஏஎஸ்ராக் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ், வேலை ஒன்றுதான். விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்றும் மென்பொருளை நான் தொடுவதில்லை. யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் காற்றும் மழையும் இல்லாத, கரண்ட் ஒழுங்காக இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனால் கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். முடிந்ததும் 2200ஜி-யோடே மறுபடி விண்டோஸ் வரை போய், பதிப்பு மாறியிருப்பதை உறுதிசெய்யுங்கள்.

(பழைய பிராசசர் கைவசம் இல்லாதவர்களுக்கு: சில போர்டுகளில் பிராசசரே இல்லாமல் பயாஸ் ஏற்றப் பின்பக்கம் தனி பட்டன் உண்டு. எம்எஸ்ஐ-யின் 'மேக்ஸ்' பெயருள்ள பி450 போர்டுகள் பலவற்றில் இருக்கிறது. மலிவான பி450எம் போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால், நண்பரிடம் ஒரு பழைய ரைசனை அரை மணி நேரம் கடன் வாங்குவதுதான் வழி.)

இப்போது 5600-ஐப் போடலாம். பேஸ்ட்டைப் புதிதாக, பட்டாணி அளவு. பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டைச் சொருகி, மானிட்டர் கேபிளைக் கார்டிலேயே மாட்டுங்கள். கடன் வாங்கிய கார்டு பரணில் கிடந்த பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு என்றால் புதிய பயாஸோடு ஒத்துப்போகாமல் இருட்டாகவே இருக்கலாம், இன்னொரு கார்டில் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். எஸ்எம்பிஎஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது அதைச் சொல்லிக் குழப்புவார்கள். 2200ஜி, 5600 இரண்டுமே 65 வாட்ஸ். பிராசசர் மாற்றியதால் உங்கள் 450 வாட்ஸுக்குப் புதுச் சுமை எதுவும் இல்லை. பெரிய கார்டு வாங்கினால் அப்போது பார்க்கலாம்.

முதல்முறை டிஸ்ப்ளே வந்ததும் கறுப்புத் திரையில் புதிய சிபியு போடப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம் (என்க்ரிப்ஷன் சாவி இருக்கும் இடம்) மாறியிருக்கிறது, ஒய் அழுத்தவா என் அழுத்தவா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி நிற்கக்கூடும். இது கோளாறு இல்லை. என்க்ரிப்ஷன் இல்லையென்றால், அல்லது மீட்பு எண் கையில் இருந்தால், ஒய் அழுத்திப் போய்க்கொண்டே இருங்கள். கீபோர்டு வயர்லெஸ் என்றால் இந்த இடத்தில் வேலை செய்யாமல் போகலாம், சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ப்ளே வந்து, விண்டோஸ் மட்டும் வராமல் 'பூட் டிவைஸ் இல்லை' என்றால் அது வேறு விஷயம், எளிதானதும்கூட. சிமாஸ் கிளியரும் பயாஸ் அப்டேட்டும் பழைய அமைப்புகளை அழித்துவிடும். உங்கள் விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் போடப்பட்டிருந்தால் பயாஸில், பழைய முறையில் பூட் ஆக விடும் சிஎஸ்எம் என்பதை ஆன் செய்ய வேண்டும். அதுவும் இல்லையென்றால் பூட் வரிசையில் ஹார்டு டிஸ்க் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ரேமின் வேகமும் 2133 அல்லது 2400-க்கு இறங்கியிருக்கும். ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி-யை இரண்டு நாள் கழித்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்தபின் ஆன் செய்யுங்கள்.

புதிய பயாஸ், ஓடுகிற கார்டு, நேரான பின்கள், எல்லாம் இருந்தும் 5600-இல் மட்டும் வரவில்லை, 2200ஜி-யில் வருகிறது என்றால் குற்றவாளி அந்த 5600 தான். விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். அதற்காகவே 2200ஜி ஓடுவதை ஒரு வீடியோ எடுத்து வைத்திருங்கள், பேச்சுக்கு உதவும்.

இன்னொன்று, 2200ஜி-யை உடனே விற்றுவிடாதீர்கள். பயாஸை எப்போதாவது மறுபடி தொட வேண்டியிருந்தாலோ, கிராபிக்ஸ் கார்டு படுத்துக்கொண்டாலோ, உங்கள் போர்டில் டிஸ்ப்ளே வரவழைக்க அது ஒன்றுதான் இருக்கும். 5600 வந்த பிளாஸ்டிக் டப்பாவில் பின்கள் மேலே படாமல் வைத்து, மேஜை டிராயரில் போட்டு வையுங்கள்.